கொட்டியாரக் கரையும் ஓர் ஆங்கிலப் பேராசிரியரும்

நாலு நூற்றாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் எழுந்த இலக்கியத்தைக் கற்பிப்பதற்கென்றே ஓர் இலங்கையர் தம் வாணாளைச் செலவிடுவாராயின், அதனால் இந்நாட்டுக்கு விளையும் பயன் யாது? இவ்வினா புதியதன்று. சுதந்திரத்துக்கு முன்னரும் எழுந்தது, பின்னரும் எழுந்தது, இன்றும் எழுகின்றது. திருகோணமலை நகரையடுத்த அன்புவழிபுரத்தில் ஒரு மாணவி உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுக்க விரும்பினால், வீட்டிலுள்ள பெரியவர் கேட்கும் முதற் கேள்வி, “இதைப் படிச்சு என்ன உத்தியோகம் பார்க்கப் போறாய், பிள்ளை?” என்பதாகவே இருக்கும். அக்கேள்வியில் அறியாமை யாதுமில்லை. உழைத்து உண்ணும் குடும்பம் ஒன்று கேட்க வேண்டிய கேள்வியே அது. ஆகவே அதற்கு விடை கூற முற்படுவோர், “இலக்கியம் உள்ளத்தை உயர்த்தும்” என்ற பொதுமொழியோடு நின்றுவிடுதல் ஆகாது. அத்தொழிலையே மேற்கொண்டு வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எடுத்து, அவர் செய்தது யாது, செய்யாது விட்டது யாது என்று நிறுத்துப் பார்த்தலே நேர்மையான வழியாகும்.

அத்தகைய ஒருவர் பேராசிரியர் ஈ. எவ். சி. லுடோவைக். அவருடைய பணியை நிறுத்துப் பார்ப்பதற்குத் திருகோணமலையைவிடப் பொருத்தமான துலாக்கோல் இலங்கையில் வேறில்லை. ஏனெனில், அவர் கற்பித்த அந்தக் காலத்து ஆங்கில இலக்கியத்தில் இத்துறைமுகத்துக்கு ஒரு பங்கு உண்டு.

துறைமுகமும் ஆங்கில நூல்களும்

சேக்ஸ்பியர் இறந்து ஏழாண்டுகளின் பின், 1623ஆம் ஆண்டில், அவருடைய நாடகங்கள் முப்பத்தாறும் ஒரே தொகுதியாக இலண்டனில் அச்சேறின. அத்தொகுதி அச்சுக்கூடத்திலிருந்த அக்காலத்திலேதான் திருகோணமலையில் கோணேசர் கோயில் போர்த்துக்கேயரால் இடித்து வீழ்த்தப்பட்டது. அக்கற்களைக்கொண்டு கோட்டையும் எழுந்தது. ஒரு நாட்டில் ஓர் உலக இலக்கியம் அழியாமற் காக்கப்பட்ட காலமும், மற்றொரு நாட்டில் ஒரு பெருங்கோயில் அழிந்த காலமும் ஒன்றே. சேக்ஸ்பியர் காலம் என்று வகுப்பறையிற் சொல்லும்போது நம் மாணவர் மனக்கண்முன் இலண்டன் மட்டுமே தோன்றுதல் போதாது. சுவாமி மலையும் தோன்றுதல் வேண்டும்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, துறைமுகத்தின் தென்பாலுள்ள கொட்டியாரக் குடாவில் ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் பாய்மரம் முறிந்த கப்பல் அது. செப்பனிடுவதற்காகவே இங்கு வந்தது. கொட்டியாரம் அப்போது கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணைக்குட்பட்டிருந்தது. 1660இல் கப்பற்றலைவர் நொக்ஸும், அவர் மகன் றொபேட் நொக்ஸும் உட்படப் பதினாறு பேர் அரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மூதூரில் அவர்கள் பிடிபட்ட இடமென்று வழங்கும் புளியமரத்தடியை ‘வெள்ளைக்காரன் மரம்’ என்றே அழைத்தனர். அதனைக் குறிக்கும் நினைவுக்கல் 1893இல் நாட்டப்பெற்றது.

தந்தை அடுத்த ஆண்டிலேயே காய்ச்சலால் மாண்டார். பத்தொன்பது வயதிற் பிடிபட்ட மகன் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் கண்டிநாட்டிற் கழித்தான். தொப்பி பின்னி விற்றான், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டிக்கு நெல்லே வாங்கினான், வீடு கட்டினான், சிங்களம் பேசக் கற்றான். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து ஓர் ஆங்கில வேதநூலைப் பெற்றான். 1679இல் இன்னொரு கைதியோடு தப்பி, அநுராதபுர வழியாகக் காடு கடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அநுராதபுரத்தில் தனக்குத் தெரிந்த சிங்களம் உதவவில்லை என்றும், அங்கிருந்தோர் தமிழரென்றும் அவன் எழுதிவைத்திருத்தல் நமக்குக் குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

அவன் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. நாட்டின் இயல்பு, அரசன், மக்கள், தன் சிறைவாழ்வு என நான்கு பகுதிகளைக் கொண்டது அந்நூல். விஞ்ஞானி றொபேட் ஹூக் அதற்கு முன்னுரை வழங்கினார். நூல் வெளிவந்து பத்தாண்டு செல்லுமுன் அரசியல் ஞானி ஜோன் லொக், கட்டற்ற முடியாட்சியில் குடிகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் இலங்கையைப் பற்றி அண்மையில் வந்த அந்நூலைப் பார்க்கட்டும் என்று தம் அரசியல் நூலிற் சுட்டினார். 1719இல் டானியல் டீபோ எழுதிய ‘றொபின்சன் குரூசோ’வில் தனித்து விடப்பட்ட மனிதன் தன் கையுழைப்பால் வாழ்வை அமைத்துக்கொள்ளும் பாங்கில் நொக்ஸின் சாயல் உண்டென ஆராய்ச்சியாளர் கருதுவர். அடுத்த ஆண்டில் டீபோ வெளியிட்ட ‘கப்டன் சிங்கிள்ற்றன்’ என்னும் நவீனத்தில் நொக்ஸின் கதையே பெயரோடு சுருக்கிச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆங்கில நவீனத்தின் பிறப்பைப் பற்றிப் பேசுவோர் கொட்டியாரக் கரையைத் தொடாமற் செல்ல முடியாது.

இன்னொன்றும் நோக்குக. நொக்ஸ் கண்டிநாட்டிற் கைதியாக இருந்த காலத்திலேதான் மில்ற்றனின் பெருங்காப்பியம் 1667இலும், அதனைத் தொடர்ந்த சிறுகாப்பியம் 1671இலும் வெளிவந்தன. பிந்திய காப்பியத்தில் கீழ்த்திசையின் எல்லையாகத் தப்ரபேன் என்ற பெயரால் நம் தீவு குறிக்கப்படுகின்றது. பார்வையிழந்த கவிஞர் பழைய நூல்களிலிருந்து பெற்ற பெயரால் இத்தீவை நினைத்த அந்நாளில், அவருடைய நாட்டு இளைஞன் ஒருவன் இத்தீவின் நெல்லையும் மழையையும் அரசனின் கொடுமையையும் கண்ணாற் கண்டுகொண்டிருந்தான். நூலறிவால் அறிந்த இலங்கை ஒன்று. வாழ்ந்தறிந்த இலங்கை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு இங்கிலாந்துப் பேராசிரியருக்கு எளிதிற் கிட்டாதது, நமக்குக் கிட்டியிருப்பது.

பேராசிரியரின் வாழ்வு

இவ்வாய்ப்பை உணர்ந்த ஆசிரியர் லுடோவைக். 1906இல் காலியில், ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் சமூகத்திற் பிறந்தவர். அந்நகரின் றிச்மன்ட் கல்லூரியிற் கற்றார். கொழும்பில் 1921இல் தொடங்கப்பெற்ற பல்கலைக் கழகக் கல்லூரியிற் பயின்றார். கேம்பிரிட்சில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1936இல், முப்பது வயதளவில், பல்கலைக் கழகக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியரானார். 1942இல் அக்கல்லூரி இலங்கைப் பல்கலைக் கழகமாக உயர்ந்தபோதும், பின்னர் அது கொழும்பை விட்டுப் பேராதனைக்குப் பெயர்ந்தபோதும், அப்பீடம் அவருடையதே. இருபதாண்டுப் பணியின் பின் 1956இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்றார். 1985இல் அங்கேயே காலமானார்.

இருபதாண்டு என்பது சிறு காலமன்று. அக்காலத்தில் ஆங்கிலச் சிறப்புப் பட்ட வகுப்பிற் பயின்றோரே பின்னாளில் இந்நாட்டின் ஆங்கில ஆசிரியராயும் விமரிசகராயும் பத்திரிகையாளராயும் விளங்கினர். விமரிசகர் றெஜி சிறிவர்தன அவர்களில் ஒருவர். பேராதனையின் ஆங்கிலப் பேராசிரியராகிச் சேக்ஸ்பியரை நெடுங்காலம் கற்பித்த ஆஷ்லி ஹல்பே மற்றொருவர்.

கேம்பிரிட்சில் அந்நாளில் எழுந்த புதிய விமரிசன நெறியை அவர் இங்கு கொணர்ந்தார். ஆசிரியர் சொல்லும் குறிப்பை எழுதிக்கொண்டு பரீட்சையில் அதனையே திருப்பி ஒப்புவிக்கும் முறையை அந்நெறி ஏற்காது. பாடல் ஒன்றைப் பெயர் சொல்லாது மாணவர்முன் வைத்து, சொல்லைச் சொல்லாக எண்ணிப் பார்த்துத் தாமே ஒரு முடிவுக்கு வரச்செய்வது அது. நம் உரையாசிரியர்கள் சொல் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பொருள் கண்ட மரபை அறிந்தோர்க்கு இது முற்றிலும் அந்நியமானதன்று. ஆனால் தனக்கென ஓர் அபிப்பிராயம் கொள்ள அஞ்சிய குடியேற்ற நாட்டு மாணவனுக்கு, ‘நீ என்ன காண்கிறாய்?’ என்று ஒரு பேராசிரியர் கேட்டது பெரிய விடுதலை என்றே கொள்ளவேண்டும்.

1948இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், நொக்ஸின் நூலிலிருந்து பகுதிகளைத் தேர்ந்து, கண்டி இராச்சியத்தில் நொக்ஸ் வாழ்ந்த வாழ்வைக் காட்டும் பதிப்பொன்றை லுடோவைக் வெளியிட்டார். ஆங்கிலத் துறையின் தலைவர், ஆங்கில இலக்கியத்தின் பெருவீதியை மட்டும் நோக்காது, தம் நாட்டுக் குடாவில் கரைசேர்ந்த ஒரு மாலுமியின் எழுத்தைக் கையிலெடுத்தார். 1962இல் கேம்பிரிட்சு அச்சகம் வெளியிட்ட ‘சேக்ஸ்பியரை விளங்கிக்கொள்ளல்’ என்ற நூலும், அதே ஆண்டில் வந்த ‘இலங்கையின் கதை’யும், 1966இல் வந்த இலங்கையின் நவீன வரலாறும் ஒரே கையிலிருந்து பிறந்தவை. ஒருபுறம் சேக்ஸ்பியர், மறுபுறம் இலங்கை என்று அவர் தம் உழைப்பைப் பிரித்துக்கொண்டார் என எண்ணற்க. ஒன்றைக் கற்ற கண்ணாலேயே மற்றதைக் கண்டார்.

ஏட்டிலிருந்து மேடைக்கு

நாடகம் நடிப்பதற்கென எழுதப்பட்டது என்பது எல்லோரும் அறிந்த உண்மை. ஆயினும் வகுப்பறையில் அது அடிக்குறிப்புகளின் கீழ் நசுங்கி மடிவதையே நாம் காண்கிறோம். லுடோவைக் பல்கலைக் கழக நாடகச் சங்கத்தைத் தம் வகுப்பின் மறுபாதியாக்கினார். ஐரோப்பிய நாடகங்கள் பலவற்றை மாணவரைக்கொண்டு மேடையேற்றினார். அம்மேடையின் பயன் ஆங்கிலத்தோடு நின்றுவிடவில்லை. எதிரிவீர சரச்சந்திர முதலியோர் கோகோலின் திருமண நாடகத்தைச் சிங்களத்தில் ‘கபுவா கபோதி’யாக அமைத்த முயற்சிக்கும் லுடோவைக் துணைநின்றார். மேலைநாட்டு மேடையை அவ்வாறு பழகியறிந்த பின்னரே சரச்சந்திர தம் நாட்டுக் கிராமிய அரங்கை நோக்கித் திரும்பினார். 1956 நவம்பரில் ‘மனமே’ அரங்கேறியது. அந்நாடகத்துக்கு உருவளித்த நாடகம மரபு தமிழ்க் கூத்தின் வழிவந்தது.

அவ்வெற்றி தமிழறிஞரையும் தூண்டியது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களின் முற்பகுதியில் மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளைச் சுருக்கிச் செப்பஞ் செய்து, கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் எனப் பல்கலைக் கழக மாணவரைக்கொண்டு ஆடுவித்தார். கூத்தென்றால் படியாதவர் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்த படித்த வர்க்கம் அதன்பின்னரே தலைநிமிர்ந்து பார்த்தது. ஆங்கில விரிவுரை மண்டபத்தில் மூட்டிய விளக்கொன்று, இரண்டு கை மாறி, வட்டக்களரியில் ஒளிவிட்டது எனலாம். லுடோவைக் இல்லாதிருந்தால் கூத்து மறுமலர்ச்சி இல்லை என்று சொல்வது மிகை. ஆனால் நாடகத்தை மேடைக்கலையாகப் போற்றும் சூழல் ஒன்று பல்கலைக் கழகத்தில் அவர் காலத்தில் உருவானது என்பதை மறுப்பாரில்லை.

இங்கு நம் மாணவர்க்கு ஓர் உண்மையை எடுத்துரைத்தல் தகும். சேக்ஸ்பியரின் மேடையைப் படம் வரைந்து விளக்குவதற்கு நம் ஆசிரியர்கள் பெரிதும் இடர்ப்படுகின்றனர். மூன்று பக்கமும் சனம் சூழ நிற்கும் திறந்த மேடை, திரையில்லை, காட்சிச் சீலையில்லை, பெண் வேடத்தை ஆண் பிள்ளைகளே புனைவர், காடும் கடலும் இரவும் பகலும் சொல்லாலேயே தோன்றும். இதனைக் கண்டறிய இலண்டனுக்குச் செல்லவேண்டுமா? அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, கட்டியகாரன் அரசன் வரவைக் கூற, களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும் கூத்தைக் கண்ட கிழக்கிலங்கை மாணவனுக்கு அம்மேடை பாதி தெரிந்ததே. படச்சட்டம் போன்ற நவீன அரங்கையே கண்டு பழகிய ஆங்கில மாணவனைவிட இவனுக்கு அது கிட்டியது.

லியர் மன்னன் கதையையும் எடுத்துக்கொள்வோம். முதிய தந்தை தன் உடைமையை மூத்த பெண்மக்கள் இருவருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பின்னர் அவர்கள் வீட்டில் விருந்தாளியாக நின்று அவமதிப்படைகிறான். மட்டக்களப்புப் பகுதியில் வீடும் வளவும் வயலும் சீதனமாகப் பெண்ணுக்குச் செல்வது வழக்கம். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வேறொரு சிறு வீட்டுக்கு ஒதுங்குவதும் உண்டு. தாய்வழிக் குடிமரபில் வளர்ந்த பிள்ளைக்கு அந்நாடகத்தின் நெருப்பு எங்கே மூண்டது என்று விளக்கவேண்டியதில்லை. உறுதி எழுதிக் கொடுத்த பின் தந்தையின் சொல்லுக்கு எத்தனை மதிப்பு என்பது அவள் வீட்டுத் திண்ணையிற் பேசப்படும் பொருள்.

செகசிற்பியாரைத் தமிழிற் கண்டவர்

இவ்வாறு நம் கரையில் நின்று சேக்ஸ்பியரைப் பார்த்த தமிழர் ஒருவர், லுடோவைக் பேராசிரியராவதற்குப் பத்தாண்டு முன்னரே இருந்தார். அவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, துறவு பூண்டு, 1920களின் பிற்பகுதியில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவர் அவர். அவருடைய ‘மதங்கசூளாமணி’ மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக 1926இல் வந்தது. மதங்கர் எனில் கூத்தர். கூத்தர்க்கு முடிமணி என்பது நூற்பெயரின் பொருள். சேக்ஸ்பியர் என்ற பெயரை ஒலியும் பொருளும் இயையச் ‘செகசிற்பியார்’ என அவர் வழங்கினார்.

நூலின் முதலியல் சிலப்பதிகாரத்தையும் அடியார்க்குநல்லார் உரையையும் துணைக்கொண்டு நாடக உறுப்புகளை ஆராய்கின்றது. இரண்டாவது இயல் செகசிற்பியாரின் நாடகங்கள் பன்னிரண்டை எடுத்துக்காட்டாக வைக்கின்றது. இறுதியியல் வடமொழித் தசரூபகத்தின் கருத்துகளைத் தருகின்றது. நாம் இங்கு கருதவேண்டியது அவ்வரிசை முறையை. ஆங்கில நாடகத்தை அளக்க ஆங்கில அளவுகோலையே அவர் தேடவில்லை. சுவையும் மெய்ப்பாடும் என நம் முன்னோர் வகுத்த கோலை எடுத்தார்; அது அயல்நாட்டுப் பெரும்புலவனையும் அளக்க வல்லதா என்று சோதித்தார். வல்லது என்று கண்டார்.

1943இல் விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1947இல் அவர் மறையும்வரை, ஆங்கிலத்துறையில் லுடோவைக்கும் தமிழ்த்துறையில் விபுலாநந்தருமாக இருவரும் ஒரே நிறுவனத்தில் அமர்ந்திருந்தனர். சேக்ஸ்பியரை இலங்கைக் கண்ணால் நோக்கிய இருவர், ஒரே கூரையின் கீழ், இரு மொழியில், இரு மாணவர் கூட்டத்துக்குக் கற்பித்தனர். ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்குச் செல்லும் வாயில் பாடத்திட்டத்தில் அமைக்கப்படவில்லை. நம் பல்கலைக் கழகக் கல்வியின் பெருங்குறை இதுவே என்பது எம் கருத்து.

குறையும் கூறுவோம்

புகழுரை ஒன்றே எழுதுவது லுடோவைக்குக் கௌரவமாகாது. அவர் வகுப்பில் அமர்ந்தோர் மிகச் சிலர். ஆங்கிலம் வீட்டுமொழியாக இருந்த குடும்பத்தினரும், ஆங்கிலக் கல்லூரிகளிற் கட்டணம் செலுத்திக் கற்ற வசதி படைத்தோரும் அவர்களிற் பெரும்பாலோர். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் அவரும் பீடத்தை விட்டகன்றார். அதன்பின் கிராமங்களிலிருந்து சுயமொழிவழி கற்று வந்த மாணவர் பேராதனையை நிறைத்தபோது, சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள் என்பது. தம்மை வெட்டி வீழ்த்தும் ஆயுதமாகவே அம்மொழி அவர்களுக்குத் தோன்றியது. தமிழ் மாணவர்க்கோ, ஒருபுறம் அவ்வாள். மறுபுறம் அரச கருமமொழியாகத் தம்மேற் சுமத்தப்பட்ட மற்றொரு மொழி. இடையில் நின்ற அவர்களுக்கு மில்ற்றனும் சேக்ஸ்பியரும் எட்டாத் தொலைவிற் போயினர்.

லுடோவைக்கின் சிறப்பை உணர்த்தும் செய்தியொன்று இங்குண்டு. அவருக்குப் பாராட்டாக 1984இல் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிடப்பட்டது. அம்மலரிலேதான் பேராதனையின் மொழியியலறிஞர் திரு கந்தையா, ஆங்கிலத்தை வாளாகக் கொண்டு ஆராய்ந்த தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். ஆங்கிலப் பேராசிரியரைப் போற்றும் நூலில் ஆங்கிலத்தின் அதிகாரத்தையே நிறுத்தி விசாரிக்க இடமிருந்தது. குருவை வணங்கிக்கொண்டே குருவின் துறையைக் கேள்வி கேட்கும் மாணவப் பரம்பரை ஒன்று உருவாகுமாயின், அந்த ஆசிரியர் தொழில் வீண்போகவில்லை.

நாம் செய்யத்தக்கது

இனி, அன்புவழிபுரத்துப் பெரியவரின் கேள்விக்கு மீள்வோம். உத்தியோகம் பற்றி அவர் கேட்டதற்கு, ஆசிரியத் தொழிலும் மொழிபெயர்ப்பும் பத்திரிகையும் நீதிமன்றமும் நல்ல ஆங்கிலம் வல்லோரை இன்றும் வேண்டி நிற்கின்றன என்பது ஒரு விடை. ஆனால் அவ்விடை முழுமையாவதற்கு ஆசிரியர்கள் ஒரு கடமை ஆற்றவேண்டும். சேக்ஸ்பியர் காலத்து இலக்கியத்தைக் கொழும்பிலிருந்து வந்த குறிப்புப் புத்தகத்தின் வழியாகக் கற்பிப்பதை நிறுத்தவேண்டும். நொக்ஸ் பிடிபட்ட பகுதியை மாணவர் கையில் கொடுத்து, மூதூருக்கு அவர்களை அழைத்துச் செல்லலாம். 2011இலிருந்து பாலங்கள் வழியே தரைமார்க்கமாகவே செல்ல முடிகிறது. அப்பகுதியை மாணவரே நல்ல தமிழ் உரைநடையிற் பெயர்க்கப் பழக்கலாம். அவன் கண்ட கண்டியரசு எத்தகையது, அவன் காணத் தவறியது எது, கைதியாக இருந்தவன் எழுத்தைச் சான்றாக எவ்வளவு நம்பலாம் என விவாதிக்கச் செய்யலாம். மதங்கசூளாமணியின் ஓரியலை ஆங்கில வகுப்பிலும், சேக்ஸ்பியரின் ஒரு காட்சியைத் தமிழ் வகுப்பிலும் படிக்கலாம். லியர் மன்னனை வடமோடியில் ஆடிப் பார்க்கலாம். திருகோணமலை வளாகமும், மட்டக்களப்பில் விபுலாநந்தர் பெயரால் விளங்கும் அழகியற் கற்கை நிறுவகமும் கைகோத்தால் இது அரிய காரியமன்று.

அயல்மொழி இலக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை, அயல்நாட்டார் மெச்சும் அளவுக்கு அம்மொழியை அறிந்தாரா என்று கேட்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. அந்த இலக்கியத்தைத் தம் கரையில் நின்று படிக்க எத்தனை பிள்ளைகளுக்குத் துணிவு தந்தார் என்று கேட்கவேண்டும். லுடோவைக் சிலருக்குத் தந்தார். விபுலாநந்தர் அதற்குரிய தமிழைத் தந்தார். அச்சிலரைப் பலராக்குவதற்கு வேண்டிய நூலும் கூத்தும் கரையும் நம்மிடமே உள்ளன. அந்த மாணவி ஆங்கில இலக்கியத்தைப் பாடமாக எடுக்கட்டும். அவளுக்குத் தக்க ஆசிரியரை ஆயத்தஞ் செய்வது நம் பொறுப்பு.